உறை போட்ட பெட்டி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்க நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் காப்பாற்றியவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். கூடத்து மேசைமேல் உறை போட்டு வைத்திருந்தது கம்ப்யூட்டர் அல்ல, அதன் வெறும் கூடு. உள்ளே நான் கையால் கட்டிய இன்வெர்ட்டர் இருந்தது. கரண்ட் போன நேரத்தில் அம்மா மூச்சு விட அதுதான் வழி.

தொண்ணூறுகளின் கடைசி அது. அம்மாவுக்கு இழுப்பு, ஆஸ்துமா. டவுனுக்குள் வாடகை வீட்டில் இருந்தவரை மழைக்காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்த நோய், வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த பிறகு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நாலாபக்கமும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மணல் லாரி, சிமெண்ட் தூசி, செங்கல் பொடி. அப்பா கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம் என்று ஆசை ஆசையாகக் கட்டிய வீடு பெண்டாட்டியின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது என்பதை அவரால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. "பனிக்காலம் போனா எல்லாம் சரியாயிடும்" என்பார். பனிக்காலம் போகும், தூசி வரும்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கவே விடவில்லை. வாயில் வைத்து அடித்துக்கொள்கிற மருந்து கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். "ஒரு தபா வாயில வெச்சா அப்புறம் சாவுற வரைக்கும் எடுக்க முடியாது, தெரியுமா உனக்கு?" என்று டாக்டர் சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டாள். பிறகு அதே டாக்டர் ஒரு நெபுலைசரைக் கொடுத்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குத் திரும்பும்போது யாருக்காவது உதவட்டும் என்று அவரிடம் விட்டுவிட்டுப் போனதாம். மருந்தைப் புகைபோல ஆக்கி, மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் வழியாக அனுப்பும் சின்ன மெஷின். பார்க்க ஆவி பிடிப்பது மாதிரிதான் இருந்தது. சளி பிடித்தால் ஊரில் யார்தான் ஆவி பிடிக்கவில்லை? அதனால் அம்மாவுக்கு அதில் கௌரவக் குறைச்சல் தெரியவில்லை. "ஆவி மெஷின்" என்று பேர் வைத்து ஏற்றுக்கொண்டாள்.

ஆனால் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. ஒரு சாயங்காலம் இழுப்பு வந்த நேரமாகப் பார்த்துப் போனது. அம்மா இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை காதுவரை ஏறி இறங்கியது. அப்பா செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே இருந்தார். ஆவி மெஷின் அலமாரியில் சும்மா கிடந்தது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். மூன்று வருஷம் படித்துக் கிழித்துவிட்டு, அம்மா முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கரண்ட் வந்து, மாஸ்க்கை மாட்டி, அம்மா முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகும் அந்த ஆத்திரம் இறங்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் இன்வெர்ட்டர் கட்டிவிட்டேன். கடையில் வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை. பழைய கார் பேட்டரி ஒன்று, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் சுற்றுகிறவரிடம் சொல்லிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், நாலு பவர் டிரான்சிஸ்டர்கள், ஒரு மரப்பலகை. எல்லாம் பலகைமேல் வெட்டவெளியாக, ஒயர் பிதுங்கிக்கொண்டு கிடந்தன. ஆனால் வேலை செய்தது. கரண்ட் போன நேரத்தில் ஆவி மெஷின் கடகடவென்று ஓடியபோது அப்பா கைதட்டினார். அம்மா மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் வந்து இது என்னாடின்னு கேட்டா என்னான்னு சொல்லுவ?"

அவள் பயந்தது ஷாக் அடிக்கும் என்று அல்ல. எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவுக்கு இழுப்பு இருப்பது சொந்தக்காரர்களுக்கே தெரியாது. கேட்டால் சளி, அலர்ஜி, அடுப்புப் புகை. இழுப்பு வம்சத்தில் இறங்கும் என்று எங்கள் ஆட்களுக்கு அழுத்தமான நம்பிக்கை. அம்மாவின் தங்கைக்குக் கூடிவந்த ஒரு இடம், வீட்டில் யாருக்கோ மூச்சிரைக்கிறது என்று காதில் விழுந்ததும் கலைந்துபோயிற்று. அதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் அம்மா. தன் மூச்சால் என் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்பது அவளுக்கு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

அப்போது நான் மாட வீதிப் பக்கம் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் கிளாஸில் டீச்சர். கம்ப்யூட்டருக்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதையை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். செருப்பை வாசலில் விட்டு, மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கிளாஸ் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் உறை மாட்ட வேண்டும். அங்கே ஒரு பழைய மெஷின் செத்துப்போய், உள்ளிருந்த போர்டையெல்லாம் கழற்றி எடுத்த பிறகு, அதன் இரும்புக் கூடு மட்டும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. படுக்கைவாட்டில் வைக்கிற பழைய மாடல். நடந்து போகும்போது அதில் கால் இடித்துக்கொண்டேன். வலி தாங்காமல் அதைத் திட்டிக்கொண்டே குனிந்தபோதுதான் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணில் பட்டது. முதலாளியிடம் கேட்டேன். "குப்பைய எடுத்துக்கினு போறதுக்கு பர்மிஷன் வேறயா?" என்றவர், எழுத்து அழிந்துபோன கீபோர்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பின்பக்கம் ஓரமாக உட்கார்ந்தது. டிரான்சிஸ்டர்களை அலுமினியப் பட்டையில் முறுக்கி ஃபேனுக்கு நேராக வைத்தேன். அந்த ஃபேன் கூட்டோடு வந்தது, பின்பக்கத்து ஓட்டைகள் வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். பேட்டரி மட்டும் உள்ளே அடங்காமல் மேசைக்குக் கீழே மரப்பெட்டிக்குள் போயிற்று. ஃப்ளாப்பி நுழைக்கிற வாயில் ஆவி மெஷினுக்கு ஒரு பிளக் பாயிண்ட் பொருத்தினேன். முகப்பில் இருந்த சிவப்பு லைட்டை பேட்டரி சார்ஜ் ஆவதற்கு வைத்துக்கொண்டேன். சாவி போடுகிற இடம் ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பி சுவிட்சை அழுத்தினால்தான் ஓடும்படி செய்தேன். கம்ப்யூட்டரின் வேகத்தைக் காட்டுவதற்காக வைத்திருந்த பச்சை எண் ஒன்று மட்டும் மிச்சம். 66. அதற்கு இனி ஒரு வேலையும் கிடையாது. சும்மா எரியட்டும் என்று ஒயர் கொடுத்தேன்.

அம்மா அந்த 66-ஐப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "நெஜ கம்ப்யூட்டர் மாரியே இருக்குதேடி!" என்றாள். படுக்கையறை அலமாரியில் வைப்பதாக இருந்ததை அன்றைக்கே கூடத்தில் வைக்கச் சொன்னாள். படம் தெரியாமல் கிடந்த பழைய போர்ட்டபிள் டிவியை அப்பா கொண்டுவந்து அதன் தலைமேல் ஏற்றினார். கீபோர்டை முன்னால் வைத்தார். தூர நின்று பார்த்து மூன்று பேரும் சிரித்தோம். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாளே அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். டிவி, பெட்டி இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி சந்தனக் கலரில் ஒரு உறை. ஓரமெல்லாம் சிவப்புப் பைப்பிங். அளவெடுத்துத் தைத்ததில் ரவிக்கை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஓடும்போது உறைய எடுத்துடணும்மா. சார்ஜ் ஏறும்போதும்தான். செவப்பு லைட் எரிஞ்சா சுவிட்ச அணைக்கக் கூடாது."

"ஏன் எடுக்கணும்?"

"சூடாவும். உனக்குப் புரியாது, வுடு."

இதுதான் நான் அவளுக்குச் சொன்ன மொத்தப் பாடம். கிளாஸில் மவுஸைக் கையில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரே விஷயத்தை ஏழெட்டுத் தடவை முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தவள் நான். பெற்ற தாய்க்கு ஒரு தடவை சொல்லப் பொறுமை இல்லை.

தெரு அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டராகவே நடத்தியது. எதிர்வீட்டுக்காரம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்ததும் ஜாதகம் கணித்துத் தரச் சொல்லி நேரம் குறித்த சீட்டோடு வந்துவிட்டார்கள். "பிரிண்டர் இன்னும் வரலீங்க" என்று அப்பா கூசாமல் சொன்னார். அவர் அவ்வளவு சரளமாகப் பொய் சொல்வார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆவி மெஷின் ஓடும்போது கதவைச் சாத்திக்கொள்வோம். வெளியே சத்தம் கேட்டால் மிக்ஸி என்போம்.

அடுத்த வருஷம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பார்த்தாயிற்று. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று தரகர் துள்ளிக் குதித்தார். வெள்ளிக்கிழமை காலை ராகு காலத்துக்கு முன்னால் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வெகு நேரம் கரண்ட் இல்லை. அம்மா இரண்டு தடவை ஆவி பிடித்ததில் பேட்டரி வற்றிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சார்ஜில் போட்டுவிட்டு, உறையை எடுத்து நாற்காலிமேல் மடித்து வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன். நான் குளித்து, சீவி, புடவை கட்டுவதற்குள் அம்மா கூடத்தை ஒழுங்கு செய்தாள். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். உறையை மாட்டி, சுருக்கம் தெரியாமல் இருக்கப் பின்பக்கம் இழுத்து நாலு ஊக்கு குத்தினாள். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்ததால் சுவிட்சைத் தொடவில்லை. நான் சொன்னதில் அதை அவள் மறக்கவில்லை.

அதோடு சாம்பிராணியும் போட்டாள். அந்தப் புகை அவளுக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் சாம்பிராணி போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஓடிவந்து தடுத்தேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாம்பிராணி வாசம் இல்லாத வூட்ல பொண்ணு எடுப்பாங்களாடி? ஒண்ணும் ஆவாது. நான் சமையக்கட்டுல இருந்துக்குறேன், போ."

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கூடவே தரகர். கூடம் முழுக்கச் சாம்பிராணி மணந்தது. அந்த மணத்துக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது என்று பிற்பாடு யோசித்தபோது ஞாபகம் வந்தது. அப்போது என் மூக்குக்கு அது எட்டவில்லை. சிந்தாமல் காபித் தட்டை நீட்டுவதிலேயே என் கவனம் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டார். "பரவால்லியே, வூட்லயே கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க."

"பாப்பா அதுல டீச்சருங்களே" என்றார் அப்பா.

மாப்பிள்ளை நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "விண்டோஸ் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க, டாஸ்தான்" என்றேன். மேசைமேல் இருந்த பொய்யோடு வாயிலிருந்தும் ஒன்று சேர்ந்துகொண்டது. அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. பிடித்திருந்ததால்தான் அடுத்து நடந்தது எனக்கு இத்தனை வருஷமாக உறுத்துகிறது.

"கொஞ்சம் போட்டுக் காட்டேம்மா" என்றார் அவர் அப்பா. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாருங்க, இந்த ஊர்ல இதான் தொல்ல" என்று சலித்துக்கொள்ளவும் செய்தார்.

தலைக்கு மேல் ஃபேன் நின்றதும் சாம்பிராணிப் புகை அப்படியே தங்கிவிட்டது. ஃபேன் சத்தமும் அடங்கியதில் சமையலறையிலிருந்து அம்மாவின் மூச்சு கேட்டது. விசில் மாதிரி மெல்லிசாக, இடைவெளி விட்டு. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. விசில் சத்தம் இருக்கிறவரை பரவாயில்லை, அது குறைந்தால்தான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது குறைந்துகொண்டு வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உறையை எடுத்தால் இந்தக் கல்யாணம் இல்லை. எடுக்காவிட்டால் அம்மா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நான் யோசித்தேன். இன்னும் ஐந்து நிமிஷத்தில் இவர்கள் கிளம்பிவிடுவார்கள், அதுவரைக்கும் தாங்கிவிட மாட்டாளா என்று கையில் காலித் தட்டோடு நின்று யோசித்தேன். நாலைந்து மூச்சு நேரம் இருக்கும். அந்த நாலைந்து மூச்சை என்னால் எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு உறையைப் பிடித்து இழுத்தேன். ஊக்குக் குத்திய இடங்களில் துணி கிழிந்தது. அனல் முகத்தில் அடித்தது. கூடவே வார்னிஷ் கருகிய நாற்றம். காலையிலிருந்து சாம்பிராணி மணத்துக்கு அடியில் இருந்த வாசனை அதுதான். சாவியைத் திருப்பி சுவிட்சை அழுத்தினேன். 66 எரியவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். அப்பா ஆவி மெஷினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து, யாரும் கேட்காமலே, டிவியைத் தூக்கி இறக்கினார். மூடியைத் தொட்டதும் என் விரல் சுட்டது. புடவைத் தலைப்பால் பிடித்துத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் கருத்துப்போயிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் உறைக்குள்ளேயே வெந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்து, யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த அம்மாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்தார். உள்ளே இருந்தது இன்ஹேலர். மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்கினார்.

அம்மா தலையை ஆட்டினாள். அந்த நிலைமையிலும் வேண்டாம் என்றாள்.

"வாயத் தொறங்கம்மா. பதினஞ்சு வருஷமா நானும் அடிச்சிக்கினுதான் இருக்கேன். செத்தா போயிட்டேன்?" என்று ரகசியமாக அதட்டினார். அம்மாவின் மோவாயைப் பிடித்து உயர்த்தி, "நான் அமுக்குறப்ப இழுங்க. ம், இழுங்க. புடிங்க. வுடுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வூட்டோட இருக்குது இது. வெளிய யாருக்கும் தெரியாது" என்றார். நான் தலையாட்டினேன்.

அம்மாவின் விசில் திரும்ப வந்து, பிறகு மெல்ல அடங்கும்வரை அவர் அங்கேயே தரையில் பட்டுப்புடவை கசங்க உட்கார்ந்திருந்தார். எழுந்து கூடத்துக்குப் போனதும், "ஒண்ணுமில்ல, அடுப்புப் புகை" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். கூடத்தில் மாப்பிள்ளை அந்தக் கருகிய பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்வெர்ட்டரா? நீங்களே பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது.

அவர்கள் போனதும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. மூச்சு முழுசாகத் திரும்பாத குரலில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நான் தாங்கியிருப்பேன்டி. கெடுத்துட்டியே."

"செத்திருப்ப."

"செத்தா இன்னா? இவங்க இல்லன்னாலும் ஒரு வருஷம் போனா வேற எடம் வந்து உன் கல்யாணம் முடிஞ்சிருக்கும். இப்ப மூலைக்கு மூலை தெரிஞ்சிபோவும்."

எனக்கு வந்த கோபத்தில் கிழிந்த உறையை அவள் முன்னால் எறிந்தேன். "உன் உறைதான் எரிச்சுது. ஊருக்குக் காட்டத் தச்சியே, அதுதான். எத்தினி தபா சொன்னேன், எடுத்துட்டு வெய்யின்னு?"

அம்மா உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. "செவப்பு லைட் எரிஞ்சா அணைக்காதன்ன, அணைக்கல. உறையை ஏன் எடுக்கணும்னு கேட்டேன். புரியாது வுடுன்ன. வுட்டுட்டேன்" என்றாள்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அதன்பிறகு பத்து நாள் போல இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைப்பாள், நான் சாப்பிட்டுவிட்டுக் கிளாஸுக்குப் போவேன். அந்த இன்ஹேலரை அந்த அம்மாள் அடுப்படி மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மறந்துபோய் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா அதை உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பேச்சில்லாத அந்த நாட்களில் இரண்டு தடவை எடுத்து அடித்துக்கொண்டாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு தரகர் வந்தார். "ஜாதகம் சரியா பொருந்தலியாம்" என்றார். எட்டுப் பொருத்தம் எங்கே போயிற்று என்று அப்பா குதித்தார். அம்மா அவரை அடக்கினாள். தரகர் போன பிறகு, பத்து நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"ரெண்டு பக்கமும் இழுப்புன்னா பொறக்குற புள்ளைங்க என்னா ஆவும்? அந்தம்மாவுக்கு அந்த பயம் இருக்காதா? நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். இழுப்புன்னு வாயால சொல்லாம ஜாதகத்து மேல போட்டாங்க பாரு, அந்த அளவுக்கு நல்ல மனுஷி."

எனக்கு அந்த நல்ல மனுஷி மேல் கோபமாகத்தான் இருந்தது. அம்மாவைக் காப்பாற்றியவர் என்னை வேண்டாம் என்றுவிட்டார். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்க எனக்கு வயசு போதவில்லை. அவர் விஷயத்தை அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. எங்கள் விஷயமும் ஆரணிப் பக்கமிருந்து ஒரு சொல் கசியவில்லை. அந்த இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு சந்தித்துக்கொள்ளவே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றி வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்துத் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தைத்துச் சரிசெய்த உறையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வேலை முடியும்வரை என் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். 66 எரிந்தது. அப்போது கேட்டாள்.

"இது எந்தப் பக்கமாடி மூச்சு வுடுது?"

பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்து ஓட்டைகளைக் காட்டினேன். அவள் கையைப் பிடித்து ஃபேனுக்கு முன்னால் வைத்தேன். வெதுவெதுப்பான காற்று அவள் உள்ளங்கையில் பட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் எப்படி மாறுகிறது, எது சூடாகும், எங்கிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது, எங்கே வெளியே தள்ளுகிறது. சந்தேகம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டாள். என் கிளாஸில் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர்கள் கம்மி. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "சரி, பிடி" என்று உறையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். சாக்பீஸால் குறித்துக்கொண்டு, இழுக்கிற பக்கமும் தள்ளுகிற பக்கமும் சதுரமாக வெட்டி எடுத்தாள். வெட்டிய இடத்தில் நூல் பிரியாமல் இருக்கச் சிவப்புப் பைப்பிங் வைத்துத் தைத்தாள். முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

ஆறேழு மாதம் கழித்து போளூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு இடம் வந்தது. காபி கொடுத்தாயிற்று. வந்த பெரியவர் ஒருவர் பெட்டியைக் காட்டி, "கம்ப்யூட்டருங்களா?" என்றார். அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா நேராக வந்து, எல்லார் முன்னாலும் உறையைத் தூக்கி எடுத்தாள்.

"இல்லீங்க. எனக்கு இழுப்பு இருக்குது. கரண்ட் போனா மூச்சு மெஷின் ஓடறதுக்கு எம் பொண்ணு தன் கையால பண்ணது" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்துபோன கழுத்தில் நரம்பு துடிக்க, சந்தனக் கலர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் எனக்கு அமையாமலே போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனசாரத் தோன்றியது.

அவர்கள் மரியாதையாகவே காபியைக் குடித்து முடித்தார்கள். பெரியவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தப்பா நெனச்சிக்காதீங்க, இழுப்பு இருக்குற வூட்ல வேணாம்னு பாக்குறோம்" என்று நேராகச் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சொல்லை ஒருவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல தப்பு இன்னா இருக்குது, பாத்துப் போங்க" என்றாள் அம்மா.

உள்ளே வந்து உறையைத் திரும்பப் பெட்டிமேல் மாட்டினாள். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் குனிந்து, தான் வெட்டிய சதுரம் ஃபேனுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"வுடுது" என்றாள்.